குட்வுட்டில் சுழி பார்க்கிறார்கள்

முதலில் வருவது வாடைதான்.

செப்டம்பர் மாதத்துக் காலை, புல்லெல்லாம் பனி. இங்கிலாந்தின் தென்கரைப் பக்கம், சிச்செஸ்டர் ஊரை ஒட்டியது குட்வுட் பந்தயத் திடல். கார்களை வரிசையாக நிறுத்தித் தயார்செய்யும் முற்றத்துக்குப் பேடாக் என்று பெயர். அதற்குள் கால் வைத்தால், ஒரு காரைக்கூடக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே மூக்கில் ஏறிவிடுகிறது, காய்ந்து புகைந்த விளக்கெண்ணெய் வாடை. கோடை விடுமுறையின் முதல் ஞாயிற்றுக்கிழமை, வெறும் வயிற்றில், மூக்கைப் பிடித்துப் பாட்டி ஊற்றிய அதே எண்ணெய்! எங்கள் தலைமுறைக்கு அந்த வாடையில் வயிறு கலங்கும். அங்கே வந்திருக்கும் பெரியவர்களோ தாழம்பூவை முகர்வதுபோல் கண்ணை மூடி இழுக்கிறார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. அந்தக் காலத்துப் பந்தய இன்ஜின்களின் சூட்டில் சாதாரண எண்ணெய் நீர்த்துப்போகும். ஆமணக்கெண்ணெய் அப்படியல்ல; உலோகத்தின் மேல் படலமாக ஒட்டிக்கொண்டு நிற்கும். காஸ்ட்ரால் என்ற பெயருக்குள்ளேயே காஸ்டர் என்கிற ஆமணக்கு ஒளிந்திருக்கிறது. பெட்ரோலோடு சரியாகக் கலக்காத இந்த எண்ணெய், மெத்தனாலோடு நன்றாகக் கலக்கும் என்பது இன்னொரு வசதி. ஒரு கெட்ட குணமும் உண்டு. நாள்பட்டால் உள்ளே கோந்தாக இறுகிவிடும். அடிக்கடி இன்ஜினைப் பிரித்துக் கழுவ வேண்டும். தினசரிக் காருக்கு யாரும் இந்தப் பாடு படமாட்டார்கள். எனவே வாடை வந்தாலே, எங்கோ பக்கத்தில் போருக்கு முந்தைய பந்தயக் கார் ஒன்றோ, 1950-களின் கார் ஒன்றோ சூடேறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். கண்ணைத் திறக்காமலே கண்டுபிடித்தாயிற்று. பாட்டிக்குத் தெரிந்தால் மகிழ்ந்திருப்பார்.

இந்தக் கண்டுபிடிக்கும் கலையைப் பார்க்கத்தான் குட்வுட்டுக்குப் போனேன். மூன்று நாள் நடக்கும் ரிவைவல் விழாவில் பந்தயம் ஒரு பாதி. கார் வேடிக்கை பார்ப்பவர்களை வேடிக்கை பார்ப்பது மறுபாதி. நம் ஊர் மாட்டுச் சந்தையில், துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவதற்கு முன், மாட்டைச் சுற்றி வந்து திமில் பார்த்து, கொம்பு பார்த்து, பல்லைப் பிடித்துப் பார்த்து, கடைசியாகச் சுழி பார்ப்பார்களே, அதேதான் இங்கேயும் நடக்கிறது. குனிகிறார்கள், மண்டியிடுகிறார்கள், அடியில் எட்டிப் பார்க்கிறார்கள். ஒரு போல்ட்டின் தலையைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறார்கள்.

விமான தளத்தில் பிறந்த பாதை

குட்வுட் பாதையின் பிறப்பு விசித்திரமானது. இரண்டாம் உலகப் போரில் இது வெஸ்ட்ஹாம்நெட் என்ற போர் விமானத் தளம். ஓடுதளம் வெறும் புல்தான். அதைச் சுற்றி விமானங்கள் ஊர்ந்து செல்ல ஒரு தார்ச்சாலை போட்டிருந்தார்கள். போர் முடிந்தது. நிலத்துக்குச் சொந்தக்காரரான ரிச்மண்ட் கோமகன், தானே பழைய பந்தய வீரர். அந்தச் சுற்றுச்சாலையையே 1948 செப்டம்பரில் பந்தயப் பாதையாக்கிவிட்டார். நீளம் 3.8 கிலோமீட்டர். கார்களின் வேகம் கூடிக்கொண்டே போனதால் 1966-இல் பந்தயங்களை நிறுத்தினார்கள். அவருடைய பேரன் 1998-இல், ஐம்பது ஆண்டு நிறைவில், பாதையைப் பழைய கோலத்திலேயே திரும்பத் திறந்தார். 1948 முதல் 1966 வரை என்ன காலமோ, அந்தக் காலத்தைத் தாண்டிய எதற்கும் இங்கே அனுமதி இல்லை. வேலிக்குள் புதுக் கார் வரக் கூடாது. பார்வையாளர்களும் அந்தக் காலத்து உடையில் வருவதுதான் வழக்கம். எனக்கு வேட்டி கட்டிக்கொண்டு போக ஆசை. 1950-களுக்கு அதுவும் பொருத்தமான உடைதானே! குளிர் விடவில்லை.

போருக்குப் பின் சும்மா கிடந்த விமான தளம் பந்தயத் திடலான கதை நமக்கும் உண்டு. சென்னைக்கு வடக்கே சோழவரம். அங்கேதான் நான் முதன்முதலில் ரேஸ் பார்த்தேன், மாமாவின் தோளில் உட்கார்ந்து. ஃபியட், அம்பாஸடர், ஹெரால்டு என்று கிடைத்த இன்ஜினை வைத்துப் பட்டறைகளில் கட்டிய கார்கள், நடுநடுவே வெளிநாட்டிலிருந்து வந்த ஃபார்முலா கார்கள். மாமாவுக்குக் கார் தெரியவே வேண்டாம். “சத்தத்தைக் கேளுடா, ஃபியட்டு வருது பாரு” என்பார்; ஃபியட்தான் வரும். 1990 வாக்கில் இருங்காட்டுக்கோட்டையில் தனிப்பாதை வந்ததும் சோழவரம் ஓய்ந்துபோனது. அந்தப் பட்டறைக் கார்களில் எத்தனை இன்று மிச்சம் என்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. புதுப்பேட்டைப் பழைய இரும்புக் கடைகளில் பிரித்து மேய்ந்திருப்பார்கள்.

கவரிங் புகாட்டி

பேடாக்கில் அதிகக் கூட்டம் சேரும் இடங்களில் ஒன்று புகாட்டி டைப் 35 நிற்கும் இடம். 1924-இல் பிரான்சின் லியோன் நகரில் முதல் ஓட்டம். 1925 முதல் 1929 வரை சிசிலித் தீவின் மலைப்பாதைப் பந்தயமான டார்கா ஃப்ளோரியோவில் ஐந்து ஆண்டும் புகாட்டிக்கே வெற்றி. 1928-இல் அந்தக் கொடும் பாதையில் எலிஷ்கா யுன்கோவா என்ற செக் நாட்டுப் பெண் இந்த வகைக் காரை ஓட்டி ஒரு கட்டத்தில் முன்னணிக்கே வந்து, ஐந்தாவதாக முடித்தார்.

காரை அடையாளம் காண்பது எளிது. குதிரை லாடம் போன்ற ரேடியேட்டர், வார்ப்பு அலுமினியத்தில் எட்டுப் பட்டை ஆரங்கள் கொண்ட சக்கரம், அந்தச் சக்கரத்தோடு சேர்ந்தே வார்த்த பிரேக் டிரம். முன் அச்சைக் குனிந்து பார்த்தால் இன்னொரு அதிசயம் தெரியும். ஸ்பிரிங் பட்டைகள் அச்சுக்கு மேலேயோ கீழேயோ போகவில்லை. அச்சில் ஓட்டை வைத்து அதன் ஊடாகவே நுழைந்து போகின்றன. எத்தோரே புகாட்டி கலைக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா மரச்சாமான் வடிவமைப்பாளர், தம்பி சிற்பி. அச்சைப் பார்த்தாலே அது தெரிகிறது.

இது வரைக்கும் ஆரம்பப் பாடம். சுழி பார்ப்பவர்களின் வேலை இனிமேல்தான். போனட்டின் வலது பக்கத்தில் ஒரு சிறு துவாரம் இருக்கிறதா? இருந்தால் உள்ளே சூப்பர்சார்ஜர் இருக்கிறது, அழுத்தம் மிஞ்சினால் வெளியேற வழி அது. அந்தத் துவாரம் கீழே இறங்கி, காற்றுப்போகும் கீற்றுகளின் நடுவில் இருக்கிறதா? ஓட்டுநருக்குப் பின்னால் எரிபொருள் மூடி ஒன்றுக்கு இரண்டாக இருக்கிறதா? அப்படியானால் அது 35 அல்ல, அதன் தம்பியான டைப் 51. பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். விலையில் வேறு வேறு வீடு.

அதே 35-இல் ‘ஏ’ என்று ஒரு மலிவு வகையும் உண்டு. வார்ப்புச் சக்கரத்துக்குப் பதில் கம்பி ஆரச் சக்கரம், எளிமையான இன்ஜின். அதற்கு அந்தக் காலத்தில் வைத்த பட்டப்பெயர் ‘டெக்லா’. போலி முத்து நகைக்குப் பேர்போன ஒரு கடையின் பெயர் அது. நம் ஊராக இருந்தால் ‘கவரிங் புகாட்டி’ என்றிருப்பார்கள். இன்றைக்கு அந்தக் கவரிங்கே தங்க விலைக்கு மேல் போகிறது.

உண்மையான கவரிங் வேறு இடத்தில் இருக்கிறது. அர்ஜென்டினாவில் பூர் சாங் என்றொரு பட்டறை டைப் 35-ஐ ஆணி முதல் அச்சு வரை புதிதாகவே செய்து விற்கிறது. வேலை அவ்வளவு சுத்தம். பழகிய கண்ணும் ஏமாறும். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு காரின் அருகே, தொப்பிக்காரப் பெரியவர் ஒருவர் வந்தார், அடியில் பார்த்தார், மெல்லச் சிரித்தார், போய்விட்டார். என்ன பார்த்தாரோ! எனக்கு அதற்கப்புறம் அந்தக் காரைப் பார்க்கவே முடியவில்லை.

நிறம் சொல்லும் நாடு

விளம்பரப் பட்டைகள் வருவதற்கு முன் பந்தயக் காரின் நிறம் அதன் நாட்டைச் சொன்னது. 1900-இல் தொடங்கிய கார்டன் பென்னட் கோப்பையில் நாடுகள் மோதியபோது உண்டான வழக்கம். பிரான்சுக்கு நீலம், பெல்ஜியத்துக்கு மஞ்சள், ஜெர்மனிக்கு வெள்ளை. பிரிட்டனுக்குப் பச்சை சற்றுப் பின்னால் வந்தது, இத்தாலிக்குச் சிவப்பு அதற்கும் பின்னால். 1934-இல் ஜெர்மானிய வெள்ளை வெள்ளியாக மாறியதற்கு ஒரு கதை சொல்வார்கள். காரின் எடை 750 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. மெர்சிடிஸ் ஒரு கிலோ கூடியிருந்ததாம். இரவோடு இரவாகப் பெயிண்டைச் சுரண்டி அலுமினியத்தோடு ஓடவிட்டார்களாம். வரலாற்றாசிரியர்கள் பலர் இதை நம்புவதில்லை. கதை நன்றாக இருப்பதால் யாரும் விடுவதும் இல்லை.

இந்த வண்ண வரிசையில் எனக்குப் பிடித்தது வெளிர்நீலமும் மஞ்சளும். சயாம் நாடு, இன்றைய தாய்லாந்து. சயாம் இளவரசர் பீரா இங்கிலாந்தில் படித்தவர், சிற்பக்கலை பயின்றவர். 1935-இல் அவருடைய இருபத்தோராம் பிறந்தநாளையொட்டி, ஒன்றுவிட்ட அண்ணன் சூலா வாங்கித் தந்தது ஈஆர்ஏ என்ற ஆங்கிலப் பந்தயக் கார். லிங்கன்ஷயரில் போர்ன் என்ற சிற்றூரில் கட்டியது, 1.5 லிட்டர், ஆறு சிலிண்டர், சூப்பர்சார்ஜர். அந்தக் காருக்கு இளவரசர் ரோமுலஸ் என்று பெயர் வைத்தார். இரண்டாவதாக வந்ததற்கு ரீமஸ். ரோம் நகரைக் கட்டிய சகோதரர்கள் முடிந்துபோனார்கள். மூன்றாவதற்கு என்ன பெயர்? அனுமன்.

ஆமாம், நம் ஆஞ்சநேயர்தான். ராமாயணம் சயாமில் ராமகியென் ஆகியிருக்கிறதே, அங்கிருந்து புறப்பட்டு ஆங்கிலேயப் பந்தயப் பாதைக்கு வந்தவர். வாயு புத்திரனைவிடப் பந்தயக் காருக்குப் பொருத்தமான பெயர் உண்டா? ஆங்கிலேய ரசிகர்கள் அதை ‘ஹனுமன்’ என்று அழுத்திச் சொல்லும்போது, கூட்டத்தில் அர்த்தம் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று ஒரு சின்னப் பெருமிதம்.

ஈஆர்ஏ கார்களுக்கு அடையாள எண்தான் குலப்பெயர். அனுமன் ஆர்12சி. ஒரு விபத்துக்குப் பிறகு ‘சி’ வகைச் சட்டம் போய் ‘பி’ வகைச் சட்டம் வந்தது. பெயர் ஆர்12பி ஆயிற்று. அந்த ‘பி’ வரிசை ஒன்று முதல் பதினான்கு வரை போகிறது. பதின்மூன்றைத் தேடினால் கிடைக்காது. ராசியில்லை என்று விட்டுவிட்டார்கள்.

நிறத்தோடு எண்ணையும் படிக்கத் தெரிந்தால் இன்னும் சுவை. இத்தாலியின் மில்லே மீலியா ஆயிரம் மைல் பந்தயத்தில் காரின் எண் என்பது அது புறப்பட்ட நேரம். 1955-இல் ஸ்டிர்லிங் மாஸ் வென்ற மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆரின் எண் 722. காலை 7:22-க்குக் கிளம்பியது. பக்கத்தில் உட்கார்ந்தவர் டெனிஸ் ஜென்கின்சன் என்ற தாடிக்காரப் பத்திரிகையாளர். வழியிலிருக்கும் திருப்பங்களை எல்லாம் ஒரு நீளக் காகிதச் சுருளில் எழுதி, பெட்டிக்குள் வைத்து உருட்டிக்கொண்டே சைகை காட்டினார். 10 மணி 7 நிமிடம் 48 நொடி. நம் தொழிலில் இப்படியும் ஒருவர்! இவர் இந்தக் கட்டுரையில் மறுபடியும் வருவார்.

பச்சைக் கார்களின் நடுவே

ரிச்மண்ட் கோப்பைப் பந்தயம்தான் என் கண்ணுக்குச் சிறந்த தேர்வுத் தாள். முன்பக்கம் இன்ஜின் வைத்த 1950-களின் கிராண்ட் பிரீ கார்கள். முக்கால்வாசி பச்சை. எது எது?

உயரமாக, கண்ணீர்த்துளி மாதிரி வழுவழுவென்று, ஓட்டுநர் யானைமேல் உட்கார்ந்தது போல் தெரிந்தால் அது வான்வால். விமானத்துறையிலிருந்து வந்த ஃப்ராங்க் காஸ்டின் வரைந்த உடல். தயாரிப்பாளர்களுக்கான உலகப் பட்டம் முதன்முறையாகக் கொடுக்கப்பட்ட 1958-இல் அதைத் தட்டிச் சென்ற கார். அதையே சலவையில் போட்டுச் சுருங்கினாற்போல் குள்ளமாக ஒன்று வந்தால் அது லோட்டஸ் 16. அதிலும் காஸ்டின் கை உண்டு. பச்சைக் கார் ஒன்று கடந்து போனபின் அதன் பிருஷ்டத்தைப் பாருங்கள். நடுவில் ஒரே ஒரு பிரேக் டிஸ்க் வெளியே தெரிகிறதா? பிஆர்எம் பி25. இரண்டு பின்சக்கரத்துக்கும் சேர்த்து ஒற்றை டிஸ்க். பன்றி இறைச்சியை வில்லை போடும் இயந்திரம் என்று கிண்டல் செய்தார்கள். கிண்டல் ஒருபுறம் இருக்க, அந்தப் பிரேக் தொல்லையும் கொடுத்தது.

கொன்னாட் வந்தால் எழுந்து நின்று கும்பிடத் தோன்றும். 1955 அக்டோபரில் சிசிலியின் சிரகூசாவில், பல் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த 23 வயது டோனி புரூக்ஸ் இந்தக் காரை ஓட்டி இத்தாலியரை அவர்கள் வீட்டிலேயே வீழ்த்தினார். பிரிட்டிஷ் கார் ஒன்று கிராண்ட் பிரீ வென்று அப்போது 31 ஆண்டுகள் ஆகியிருந்தன. போகும்போது விமானத்தில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டே போனாராம்.

இத்தனை பச்சைக்கு நடுவில் சிவப்பாக, நீள மூக்கோடு, பக்கவாட்டில் நெடுகக் கீற்றுகளோடு, இடப்புறம் புகைக்குழாய் ஓட, வளைவில் பின்புறத்தை வீசிக்கொண்டு வருமே, அது மசராட்டி 250எஃப். 1957 ஆகஸ்டில் நூர்பர்க்ரிங்கில் இரண்டு ஃபெராரிகளைத் துரத்திப் பிடித்து ஃபான்ஜியோ தன் ஐந்தாவது உலகப் பட்டத்தை உறுதிசெய்தது இந்தக் காரில்தான். பந்தயக் கார்களில் எது அழகு என்று என்னைக் கேட்டால் இரண்டாம் யோசனை இல்லை. ஜாகுவார் டி-டைப்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் மீன்துடுப்பு வைத்த அந்தக் காரும் 1955, 56, 57 என்று மூன்று முறை லே மான்ஸ் பந்தயத்தை வென்றது. அழகுதான். மசராட்டி அளவுக்கு இல்லை.

சத்தத்துக்கு மட்டும் தனிப் பரிசு கொடுத்தால் பிஆர்எம் வி16-க்குத்தான். ஒன்றரை லிட்டருக்குள் பதினாறு சிலிண்டர். ஒவ்வொன்றும் காபி டம்ளரைவிடச் சிறியது. நாடே நிதி திரட்டிக் கட்டிய கார், 1950 ஆகஸ்டில் சில்வர்ஸ்டோனில் கொடி அசைந்ததும் ஓரடி நகர்ந்து செத்துப்போனது. பார்த்தவர்கள் சில்லறை வீசியதாகச் சொல்வார்கள். அடுத்த மாதமே இதே குட்வுட்டில், மழையில், ரெஜ் பார்னெல் அதை ஓட்டி வென்றார். பன்னிரண்டாயிரம் சுற்றுக்குப் போகும்போது எழும் ஓலம் காதில் கேட்பதல்ல, பல்லில் கேட்பது. மாமா இருந்திருக்கலாம்.

சலூன் கார்ப் பந்தயத்தில் பாடமே தேவையில்லை. உள்பக்க முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு, நாய் காலைத் தூக்குவதுபோல் திரும்பினால் வெள்ளை–பச்சை லோட்டஸ் கார்ட்டினா. கப்பல் போல வரும் ஏழு லிட்டர் ஃபோர்டு கேலக்ஸி நேர்ப்பாதையில் மினியை விழுங்கும். வளைவில் மினி அதன் கக்கத்துக்குள் புகுந்து வெளியே வரும். கூட்டம் எப்போதும் மினி பக்கம்.

எது அசல்?

இப்போது கசப்பான பக்கம். 1961-இல் ஃபில் ஹில் உலகப் பட்டம் வென்ற ஃபெராரி 156-க்குச் சுறா மூக்கு என்று பெயர். மூக்கில் இரண்டு நாசித் துவாரம் தெரிந்தால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். ஆனால் நீங்கள் எங்கே அதைப் பார்த்தாலும் அது அசல் அல்ல. வேலை முடிந்ததும் ஃபெராரியே அத்தனையையும் உடைத்துப் போட்டுவிட்டது. அன்றைக்கு அது போன வருஷத்துக் கார், அவ்வளவுதான்.

ஃபெராரி 250 ஜிடிஓ அப்படியல்ல. 1962 முதல் 64 வரை கட்டியது 36. 2018-இல் ஒன்று ஏலத்தில் 4.84 கோடி டாலருக்குப் போனது. மூக்குக்கு மேல் ஆங்கில ‘டி’ வடிவில் மூன்று துவாரம், முன்சக்கரத்துக்குப் பின்னால் செவுள் போன்ற கீற்றுகள், வாத்து வால் போல் தூக்கிய பின்பக்கம் என்று அடையாளங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். எனவே போலி செய்பவர்களுக்கும் மனப்பாடம். 250 ஜிடிஇ என்ற நாலுபேர் உட்காரும் சாது ஃபெராரிகள் எத்தனையோ இதற்காக வெட்டுப்பட்டன. 2019-இல் போலோன்யா நீதிமன்றம் ஜிடிஓவின் வடிவத்தைக் கலைப்படைப்பாகவே ஏற்று, நகலெடுக்கத் தடை போட்டது.

கம்பெனியே நகலெடுத்தால்? இலகு எடை ஈ-டைப் 18 கட்டுவதாகச் சொல்லி 1960-களில் 12-தான் கட்டியது ஜாகுவார். மீதி ஆறை 2014-இல், அந்த விட்டுப்போன எண்களிலேயே கட்டி விற்றது. அரை நூற்றாண்டு தாமதமாகப் பிறந்த பிள்ளைகள்! அசலா, போலியா?

ஜென்கின்சன் இந்த விஷயத்தில் கறார் பேர்வழி. அசல், மெய்யானது, உயிர்ப்பித்தது, மறுகட்டுமானம், நகல், இரட்டை என்று பழைய பந்தயக் கார்களைச் சாதி பிரித்து எழுதிவைத்தார். முழு ‘அசல்’ என்ற பட்டத்துக்குத் தேறுவது மிகச் சில. ஏனென்றால் பந்தயக் கார் என்பதே ஞாயிற்றுக்கிழமை இடித்து, திங்கள்கிழமை டிங்கரிங் பார்த்து, அடுத்த வாரம் வேறு இன்ஜினோடு ஓடுவது. எல்லை தாண்டும்போது சுங்கக் காகிதத்துக்கு எந்த எண் வேண்டுமோ அந்தத் தகட்டைக் கழற்றி இந்தக் காரில் மாட்டுவது அன்றைய அணிகளின் அன்றாடம். இன்றைக்குத் தகட்டை நம்பிக் கோடிகளைக் கொடுக்கிறார்கள். உலக மோட்டார் கூட்டமைப்பு வழங்கும் பாஸ்போர்ட் ஒன்று உண்டு. ஆனால் அது காரின் கட்டமைப்பு அந்தக் காலத்து விதிப்படி இருக்கிறது என்று சொல்லுமே தவிர, இதுதான் அந்தக் கார் என்று சத்தியம் செய்யாது.

கடைசியில் இந்தக் கேள்வி கோர்ட்டுக்கே போனது. 1929, 1930 இரண்டு ஆண்டும் லே மான்ஸ் வென்ற பென்ட்லி, ‘ஓல்டு நம்பர் ஒன்’. அதற்குப்பின் அதில் பெரிய இன்ஜின் ஏறியது, சட்டம் மாறியது. 1932-இல் புரூக்லண்ட்ஸ் பாதையின் சரிவு விளிம்பைத் தாண்டி விழுந்து ஓட்டுநர் க்ளைவ் டன்ஃபீ இறந்தார். காரை மறுபடி கட்டினார்கள். பல பத்தாண்டுகள் கழித்து ஒரு கோடி பவுண்டுக்கு விலை பேசி, வாங்க வந்தவர் இது அந்தக் காரே இல்லை என்று பின்வாங்க, வழக்கு. 1990-இல் நீதிபதி ஆட்டன் ஒவ்வொரு உறுப்பாகக் கணக்கெடுத்தார். லே மான்ஸில் ஓடிய உலோகம் கொஞ்சமே தேறியது. ஆனாலும் இதுதான் ஓல்டு நம்பர் ஒன் என்று தீர்ப்பளித்தார். கார் ஒருநாளும் செத்துப் பிறக்கவில்லை. மாறி மாறி வந்தாலும் தொடர்ச்சி அறுபடவில்லை என்பது அவர் கண்ட நியாயம்.

இங்கிலாந்தில் இதை இன்னும் விவாதிக்கிறார்கள். திருவாரூர்க்காரர்களிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடித்திருப்பார்கள். ஆழித்தேர் 1920-களில் எரிந்தே போனது, புதிதாகச் செய்தார்கள். பிறகு திருச்சி பெல் ஆலையின் இரும்புச் சக்கரம் வந்தது, ஹைட்ராலிக் பிரேக் வந்தது. வடம் பிடிக்கும் யாராவது இது நகல் தேர் என்று சொல்லிக் கேட்டதுண்டா?

எனக்கும் அந்தக் கட்சிதான். அதனால்தான் குட்வுட்டின் பேடாக்கில் பளபளப்பைவிடத் தழும்பைத் தேடினேன். ஒட்டுப்போட்ட அலுமினியம், வேறு வேறு காலத்து ரிவெட்டுகள், சுத்தியல் தட்டிய தடம். பந்தயம் என்றால் இங்கே ஊர்வலம் அல்ல, நிஜமாகவே முட்டி மோதுகிறார்கள். கோடிக்கணக்கான விலையுள்ள கார் கதவில் கீறலோடு திரும்பி வருகிறது. சொந்தக்காரர் விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறார். செயின்ட் மேரீஸ் வளைவைப் பார்த்தபோது மட்டும் கொஞ்சம் நடுங்கியது. 1962 ஈஸ்டர் திங்களன்று மாஸ் இங்கேதான் மண்மேட்டில் மோதி, ஒரு மாதம் நினைவில்லாமல் கிடந்தார். பிழைத்தார்; உச்சத்திலிருந்த வாழ்க்கை அதோடு முடிந்தது.

பெரிய பந்தயங்களுக்கு நடுவே குழந்தைகளுக்கும் ஒரு போட்டி உண்டு, செட்ரிங்டன் கோப்பை. பிள்ளைகள் பாதையின் ஒரு ஓரத்திலிருந்து எதிர் ஓரத்துக்கு ஓடிப்போய், ஆஸ்டின் ஜே40 மிதிகார்களில் தாவி ஏறி, மிதி மிதியென்று மிதிக்கிறார்கள். பொம்மைதான், ஆனால் சாதாரணப் பொம்மை அல்ல. 1949 முதல் 1971 வரை சவுத் வேல்ஸின் பார்கோட் ஊரில், நிலக்கரித் தூசியால் நுரையீரல் கெட்டுப்போன சுரங்கத் தொழிலாளர்களுக்கென்றே நடத்திய ஆலையில் செய்தவை. ஆஸ்டின் கார் ஆலையில் வெட்டி எறிந்த தகட்டுத் துண்டுகள்தான் மூலப்பொருள்.

கொடி விழுவதற்குப் பத்து நிமிஷம் முன்பு அந்த வரிசையைப் பார்க்கப் போனேன். ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் வெள்ளை மேலங்கியும் தலைக்கவசமுமாய் பொறுமையிழந்து நின்றுகொண்டிருந்தான். அவனுடைய மிதிகாரின் பக்கத்தில், புல்லில் முழங்கால் ஊன்றி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தலையைக் காருக்கு அடியில் விட்டு எதையோ தேடிக்கொண்டிருந்தார் அந்தத் தொப்பிக்காரப் பெரியவர்.